தட்டில் கரைந்தது

நன்னிலம்
11.2.2024

தம்பி இளம்பரிதிக்கு அக்கா செம்மொழி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, அப்பா மூவரும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போன் செய்தால் "லேப்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. காளான் பெட்டியை நீ திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தால் மேலே நான் இருப்பேன்.

நீ கேட்டபடி சிப்பிக் காளான், இன்று விடியற்காலை நம் கொட்டகையில் பறித்தது. ஓரம் சுருள்வதற்கு முன்னாலேயே பறித்துவிட்டேன். வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் சரக்கில் அந்த வேலை கிடையாது. காளான் வளர்க்கிற வைக்கோலும் நம் பக்கத்து சம்பா வைக்கோல்தான். பெட்டி மட்டும் நாகப்பட்டினத்து மீன் பெட்டி. தேய்த்துக் கழுவியாயிற்று. அப்படியும் வஞ்சிரம் வாடை அடித்தால் உன் ஆராய்ச்சிக்கு ஒன்றும் ஆகிவிடாதே?

மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு என் பேரிலேயே செம்மொழி எக்ஸ்பிரஸ் என்று ரயில் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு என் பெட்டி பஸ்ஸில் எதற்குப் போக வேண்டும்? மாமா லோடு ஆட்டோவில் கொண்டுபோய்ப் பார்சல் போட்டுவிடுவார். பெட்டியையும் ஐஸ் பைகளையும் திருப்பி அனுப்பு. பதிலை அதிலேயே வை.

அப்பாவுக்கு ஐப்பசியில் வந்த வாதம் நன்றாக இறங்கியிருக்கிறது. கோல் ஊன்றி டீக்கடை வரை போய் வருகிறார். இடது கை விரல்தான் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. இரத்தம் கட்டாமல் இருக்க ராத்திரி ஒரு மாத்திரை, அது ஆயுசுக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள். இப்போது என் பொறுப்பு.

"காளானுக்குள்ள இவன் எதைத் தேடுறான்?" என்று தினமும் கேட்கிறார். கூடையில் கீரை தூக்கி விற்ற காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி, சரக்கைத் தொட்டு அமுக்கிப் பார்ப்பதுதான். அவருக்குப் புரிகிற மாதிரி எழுது. எனக்கும் அதுவே போதும்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.
அக்கா செம்மொழி


கோயம்புத்தூர்
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு, இளம்பரிதி. நான் சுகம். சாப்பாடும் சுகம், நீ நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. மாமாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

பெட்டி வந்தது. வஞ்சிரம் இல்லை, கொஞ்சம் மத்தி வாடை இருந்தது. காளான் அப்படியே பறித்த மாதிரி. எங்கள் செல்லதுரை சார், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நம்ம டிபார்ட்மெண்ட்ல வேலை போட்டுக் குடுக்கலாம்யா" என்றார்.

அப்பாவிடம் இப்படிச் சொல். உயிருள்ள எதற்குள்ளும் வேலை செய்கிற ஆட்கள் உண்டு. ஒருவன் வெட்டுவான், ஒருவன் ஒட்டுவான். அவர்களுக்கு நொதி என்று பேர். காளானுக்குள் இருக்கிற ஆயிரம் ஆட்களில் ஒருவனை மட்டும் தனியே பிரித்து எடுத்து, அவன் என்ன வேலை செய்வான், எதில் சோர்ந்துபோவான் என்று பார்ப்பதுதான் என் வேலை.

நம் காளானைக் குளிர் அறையில் வைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, சாறு எடுத்தேன். இரத்தம் உறையும்போது அதில் ஒரு நார் உண்டாகும். அந்த நாரைக் கண்ணாடித் தட்டில் தயிர் மாதிரி உறைய வைத்து, மேலே ஒரு சொட்டுச் சாறு விட்டேன். மறுநாள் பார்த்தால் சொட்டு விழுந்த இடத்தில் தட்டு தெளிந்து கிடக்கிறது. நார் கரைந்துவிட்டது. அப்பாவுக்கு மூளையில் அடைத்துக்கொண்டதே, அது மாதிரிக் கட்டியைக் கரைக்கிற ஆள் நம் கொட்டகைக் காளானுக்குள் இருக்கிறான். சார் என் முதுகில் தட்டினார். அப்பாவிடம் சொல் அக்கா, முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது.

இன்னும் பிரிக்க வேண்டும். அடுத்த பெட்டி கொஞ்சம் பெரிதாக அனுப்பு.

தம்பி
இளம்பரிதி


நன்னிலம்
17.3.2024

தம்பிக்கு அக்கா. எல்லாரும் சுகம். உனக்குச் சளி என்று மாமாவிடம் போனில் இருமினாயாமே. குளிர் அறைக்குள் போகும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள், யார் பார்க்கப்போகிறார்கள்.

உன் கடிதத்தை நான் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அப்பாவே வாங்கி, அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்தை எல்லாம் கூட்டிக்கூட்டி, ஒரு காலைப்பொழுது முழுக்கப் படித்தார். அப்புறம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே நடராசன் பெரியப்பாவிலிருந்து பால் ஊற்ற வருகிறவர் வரை எல்லாருக்கும் வாசித்திருக்கிறார். "எம் மவன் கட்டியக் கரைக்கிறவனைக் கண்டுபுடிச்சிட்டான்" என்று ஊரே பேசுகிறது.

சாயங்காலம் கடிதத்தைத் தகரப்பெட்டியில், மனைக்கட்டுப் பட்டாவோடு சேர்த்து வைத்தார். உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது பிறக்கவில்லை. "இந்த எடம் உனக்குத்தான்டா கண்ணுசாமி" என்று பண்ணையார் வாயால் சொன்னார். அவர் போனதும் அவர் பிள்ளைகள் "எவன் சொன்னான், காலி பண்ணு" என்றார்கள். கடைசியில் பட்டா வந்துதான் நாம் இந்த இடத்தில் நிற்கிறோம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு: "பேச்சு காத்துல போவும். தாளுதான் நிக்கும்."

இப்போது தினமும் காளான் கேட்கிறார். நான் வைக்கிற குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார், அதுவே அதிசயம்.

எனக்கு ஒரு யோசனை. கும்பகோணத்துக் கடைகளுக்கும் திருவாரூருக்கும் போகிற பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி போட்டால் என்ன? சரக்கு நல்ல சரக்கு என்று நானே சொல்வதைவிடப் படித்தவன் சொன்னால் எடுபடும். ஆனால் ஒன்று தெரிய வேண்டும். நீ பச்சைக் காளானை அரைத்தாய். நாங்கள் சமைத்துத்தான் தின்கிறோம். சமைத்த பிறகும் அந்த ஆள் உள்ளே இருப்பானா? இதை மட்டும் எழுது.

பெரிய பெட்டி இது. பத்திரம்.
அக்கா


கோயம்புத்தூர்
28.4.2024

அன்புள்ள அக்காவுக்கு, சளி போய்விட்டது. இங்கே வெயில் பரவாயில்லை, அங்கே எப்படி? வெயிலில் அப்பாவை டீக்கடைக்கு விடாதே.

பதில் தாமதத்துக்குக் கோபிக்காதே. சாற்றில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஒவ்வொரு புரதமாகத் திரிந்து அடியில் இறங்கும், பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. நமக்கு வேண்டியவன் எந்த உப்பளவில் இறங்குகிறான் என்று பிடிக்கவே ஒரு மாதம். அப்புறம் அந்த உப்பை வெளியேற்ற வேண்டும். ஆட்டுக்குடல் மாதிரி ஒரு பை, அதில் ஊற்றிக் கட்டி நீரில் தொங்கவிடுவோம். ஒரு பை கட்டு அவிழ்ந்து, உன் பெரிய பெட்டிச் சரக்கு பாதி சாக்கடைக்குப் போனது. சார் மீதிப் பைகளின் கட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம்.

பாக்கெட்டில் எதுவும் போட வேண்டாம். ஆராய்ச்சி முடியவில்லை. கொஞ்சம் பொறு.

மாமாவுக்கு என் அன்பு.
இளம்பரிதி


நன்னிலம்
19.5.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது. கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் அடித்துக் காளானைப் பிழைக்க வைத்திருக்கிறேன். மற்றபடி சுகம். சரக்குச் சாக்கடைக்குப் போனதற்கு வருத்தப்படாதே. கும்பகோணத்தில் ஒரு வண்டிச் சரக்கு மழையில் நனைந்து நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மறுநாள் பறிக்காமலா இருந்தேன்?

பொறு என்றாய். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. வியாபாரத்தில் பொறுத்தவன் பின்னால்தான் நிற்பான். அதனால் பாக்கெட்டில் ஒரு இதயப் படம் போட்டு, "இதயத்துக்கு இதமான காளான்" என்று மட்டும் அச்சடித்துவிட்டேன். இதம் என்றால் என்ன என்று எந்த அதிகாரி வந்து கேட்பார்? உன் பேரோ, கட்டியோ, கரைசலோ எதுவும் இல்லை. நாகப்பட்டினத்து ஓட்டல்காரர்கள்கூட அந்தப் படம் போட்டதைத்தான் கேட்கிறார்கள்.

அப்பா இரண்டு வேளை சூப்பு. கை விரல் டம்ளரைப் பிடிக்கிறது. டாக்டர் சொன்ன பந்தை அமுக்கியதால் வந்த பலம் என்று நான் நினைக்கிறேன். அவர் உன் காளான்தான் என்கிறார். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். ஏன் என்று கேட்டால், "ஒரே வேலைக்கு எதுக்குடி ரெண்டு ஆளு? கூலி தண்டம்" என்கிறார். நடவு வயலில் ஆள் எண்ணிப் பழகியவர், அவரிடம் என்ன பேசுவது.

போன தடவை கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கொதிக்க வைத்தால் அந்த நொதி இருக்குமா, இருக்காதா?

அக்கா செம்மொழி


கோயம்புத்தூர்
21.7.2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது, தெரியும்.

பிரித்துவிட்டேன் அக்கா. கடைசிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியதைக் கூழ்த் தகட்டில் மின்சாரம் விட்டு ஓட்டிப் பார்த்தோம். கலப்படம் இருந்தால் பல கோடுகள் தெரியும். ஒரே ஒரு கோடு தெரிந்தது. அத்தனை பெட்டிக் காளானும் சேர்ந்து ஒரு நீலக் கோடு. செல்லதுரை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்றைக்கு டிபார்ட்மெண்ட் முழுக்க நான்தான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அவன் குணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோப்புத் தண்ணீர் மாதிரிச் சற்றே காரமான நீரில் நன்றாக வேலை செய்கிறான். புளிப்பில் படுத்துவிடுகிறான். துத்தநாகம் மாதிரி ஓர் உலோகத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறான் என்று தோன்றுகிறது, அதைப் பிடுங்கிவிட்டால் சும்மா உட்கார்ந்துவிடுகிறான். இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன. சார் கட்டுரை எழுதச் சொல்கிறார்.

அப்பாவை மாத்திரையை விட வேண்டாம் என்று சொல்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?
இளம்பரிதி


நன்னிலம்
18.8.2024

தம்பிக்கு அக்கா. அந்த ஒரே கோட்டைப் படம் எடுத்து அனுப்பினாயே, மாமா அதைத் தன் போன் முகப்பில் வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் "எங்க மச்சான் போட்ட கோடு" என்கிறார். எங்களுக்கு உடம்பு ஒன்றும் இல்லை. வீடியோ போனில் பார்த்தால் உனக்கு எடை குறைந்த மாதிரித் தெரிகிறது.

தண்ணீர் இந்த வருஷம் ஆடி பிறந்த பிறகுதான் திறந்தார்கள். குறுவை முக்கால்வாசிப் பேருக்கு இல்லை. குறுவை இல்லையென்றால் எனக்குப் புது வைக்கோலும் இல்லை. பழைய உருட்டுக் கட்டுகளை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன்.

புளிப்பில் படுத்துவிடுவான் என்று எழுதினாய். அதனால் புளிக்குழம்பை நிறுத்திவிட்டு வெறும் மிளகு போட்டு வைத்துக் கொடுக்கிறேன். இந்த மாதிரி நீ எழுதினால் நாங்கள் சமையலை மாற்றிக்கொள்வோம். எழுதாததற்கு என்ன செய்வது?

மாத்திரை பற்றி நீ எழுதிய ஒரு வரியை அப்பாவுக்குக் காட்டினேன். வாங்கி இரண்டு தடவை படித்தார். "பொதுவா சொல்லுறான். டாக்டருக்கு மருவாதி. ஏன் வுடக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கானா பாரு" என்றார். எழுதியிருக்கவில்லை. இப்போது சுத்தமாக விட்டுவிட்டார். நான் பொடித்துச் சோற்றில் கலந்தேன். கசக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். டீக்கடையில் நடராசன் பெரியப்பாவும் தனக்கு டாக்டர் கொடுத்த இதய மாத்திரையைக் குறைத்துக்கொண்டு என்னிடம் காளான் வாங்க ஆள் அனுப்புகிறார். வாடிக்கை கூடுகிறதே என்று சந்தோஷப்பட முடியவில்லை.

கொதித்தால் இருக்குமா? மூன்றாம் தடவை கேட்கிறேன்.

அக்கா


கோயம்புத்தூர்
8.9.2024

அக்கா, நலம். கருத்தரங்கு வேலை. பெட்டி அனுப்பியிருக்கிறேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.
இளம்பரிதி


நன்னிலம்
6.10.2024

தம்பி இளம்பரிதிக்கு,

நானும் மாமாவும் சுகம். அப்பாவைப் பற்றிப் போனில் சொன்னதை மறுபடி எழுதுகிறேன், நீ பதறிக்கொண்டே கேட்டதில் பாதி காதில் விழுந்திருக்காது.

வியாழக்கிழமை காலை பல் விளக்கப் போனவர் வாயில் தண்ணீர் நிற்காமல் ஒருபக்கமாக வழிந்தது. பேச்சு குழறியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வாய் நேராகிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. கட்டி ஒன்று வந்து அடைத்து, தானாக விலகியிருக்கிறது என்றார் டாக்டர். "இது எச்சரிக்கைம்மா. அடுத்தது விலகாது. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் யாரைச் சொல்வது?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பாத்தியாடி, அடைச்சிச்சு, காளான் கரைச்சிடுச்சு. எம் மவன் எழுதின மாதிரியே" என்றார். டாக்டர் எச்சரிக்கை என்றது இவருக்குச் சாட்சியாகிவிட்டது.

இப்போது நம் இருவர் கணக்குக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில் பெட்டி வாங்கப் போனால் மீனும் வாங்கிவருவேன். "ஐஸ்ல வச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்பேன். புதுச் சரக்கு என்றால், கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வரும். பழைய சரக்கு என்றால், கடல் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசுவார்கள். நீயும் எனக்கு ஆறு மாதமாகக் காற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறாய். மூன்று தடவை கேட்டும் பதில் வராத சரக்கு என்ன சரக்கு என்று எனக்குத் தெரியும். கொதித்தால் அவன் செத்துப்போகிறான். அப்படித்தானே? கருத்தரங்கு வேலை என்று நீ எழுதிய துண்டுச்சீட்டு வந்த அன்றே இதயப் படம் போட்ட பாக்கெட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டேன். நடராசன் பெரியப்பா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை, "கண்ணுசாமி கையில தாளு இருக்கே" என்கிறார்.

அப்பாவிடமும் சொன்னேன். "அப்ப பச்சையா அரைச்சுக் குடிக்கிறேன்" என்றார். நேற்று நீ போனில் அவரிடம் அவ்வளவு நேரம் பேசினாயே, என்ன ஆயிற்று? போனை என்னிடம் நீட்டி, "நீ சொல்லிக் குடுத்ததை அவன் சொல்லுறான். போன்ல யாரும் எதும் சொல்லலாம்" என்றார். நீ கிளம்பி வருகிறேன் என்றாய். வந்தால் நான் வரவழைத்தேன் என்பார். தீபாவளிக்கு வா. இப்போது நீ வேண்டாம், தாள் வேண்டும்.

அவர் தகரப்பெட்டியில் உன் கடிதம் பட்டாவோடு இருக்கிறது. பட்டா கொடுத்தவன்தான் ரத்து செய்ய முடியும். என் கையெழுத்து அங்கே செல்லாது. அவர் பேருக்கு எழுது. அவரே படிக்கிற மாதிரி எழுது. ஏன் என்பதை எழுது. ஏன் இல்லாமல் நீ எழுதிய ஒரு வரி என்ன ஆயிற்று என்று பார்த்தாய். அவர் மனசு நோகும், நோகட்டும். வாய் கோணுவதற்கு அது தேவலை.

உன்னைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். நீ சாப்பிடு.

அக்கா


கோயம்புத்தூர்
7.10.2024

அப்பாவுக்கு உங்கள் மகன் இளம்பரிதி எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். உங்களுக்கு வியாழக்கிழமை நடந்ததை அக்கா சொன்னது. நீங்களே படிக்க வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

நான் முதலில் எழுதிய கடிதம் உங்கள் பெட்டியில் இருக்கிறது. அதில் எழுதியது உண்மை. நார் கரைந்தது. ஆனால் தட்டில் கரைந்தது. உடம்பில் கரையும் என்று நான் எழுதவில்லை. உடம்பில் கரையாது என்றும் எழுதவில்லை. அது என் தவறு.

விதைநெல்லை அவித்தால் என்ன ஆகும்? புழுங்கல் அரிசி ஆகும். சோறு ஆகும், பசி ஆறும். அதை நாற்றங்காலில் தெளித்தால் முளைக்குமா? இந்த நொதியும் அப்படித்தான். சூப்புக் கொதிப்பதற்கு வெகு முன்னாலேயே, தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வரும்போதே, அது அவிந்துவிடுகிறது. நீங்கள் இவ்வளவு நாள் குடித்தது நல்ல சத்துள்ள சூப்பு. அதில் கட்டியைக் கரைக்கிறவன் இல்லை.

பச்சையாகக் குடித்தாலும் இல்லை. வயிறு கறியையும் மீனையும் கரைக்கிற புளித்த இடம். அவன் புளிப்பில் படுத்துவிடுவான். மீதியை வயிறு தின்றுவிடும். இரத்தத்துக்குப் போய்ச் சேர வழி கிடையாது. பச்சைக் காளான் வயிற்றைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

இது எனக்கு ஆனி மாதத்திலேயே தெரியும். பிரித்து எடுத்ததைச் சூடான நீரில் வைத்து எடுத்துத் தட்டில் விட்டேன். தட்டு வெள்ளையாக அப்படியே இருந்தது. நான்தான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். தட்டு மாறவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் டீக்கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டீர்கள் என்று அக்கா எழுதியிருந்தது. அதனால் எழுத வரவில்லை.

என் படிப்புக்கு இதில் நஷ்டம் இல்லை. ஒரு நொதி எதில் வேலை செய்யும், எதில் சாகும் என்று சரியாகச் சொல்வதுதான் என் வேலை. சூட்டில் சாகும் என்பதும் என் ஆராய்ச்சியில் ஒரு பக்கம். பட்டம் கிடைக்கும். ஆனால் அது மருந்து இல்லை. மருந்தாக யாராவது ஆக்கினால் அதற்குப் பல வருஷம் ஆகும், ஊசியில் வரும், டாக்டர் கையால் வரும். நம் அடுப்பிலிருந்து வராது.

முன் கடிதத்தை மருந்துச் சீட்டாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவில் அதை இந்தக் கடிதத்தால் ரத்து செய்கிறேன். ராத்திரி மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். அக்கா கேட்டதால் எழுதினேன். எழுதியது அக்கா சொன்னது இல்லை, தட்டு சொன்னது.

உங்கள் மகன்
க. இளம்பரிதி


நன்னிலம்
13.10.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மற்றதை நிம்மதியாகப் படிப்பாய்.

பெட்டி வந்ததும் உன் கடிதத்தை உறை பிரிக்காமல் அப்பா கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். பக்கத்தில் நின்றால் நான் சொல்லிக் கொடுத்தேன் என்பார். காளான் படுக்கை எல்லாவற்றுக்கும் தண்ணீர் அடித்து, பறித்து, கட்டி முடித்துத் திரும்பி வந்தேன். அப்பா அதே இடத்தில் தாளோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்து, "அவிச்ச வெத நெல்லுன்னு எழுதியிருக்கான்" என்றார். நான் கூடையை இறக்கி வைத்தேன். தாளை மடித்துக்கொண்டே, "அப்ப மொளைக்காதுதான்" என்றார்.

மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். "வையி, வரேன்" என்று கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே என்று கேட்டேன். "மொதத் தாள எங்க படிச்சேனோ அங்கதான் இதையும் படிக்கணும். நடராசன் என் பேச்சக் கேட்டுல்ல மாத்திரைய வுட்டான்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. தூரமாகப் பின்னால் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். நீ "என் தவறு" என்று எழுதிய இடத்தில் நிறுத்தினார். அதைத் தாண்டிவிடுவார் என்று நினைத்தேன். தாண்டவில்லை. சத்தமாகவே படித்தார்.

யாரோ ஒருவர், "என்ன கண்ணுசாமி, மவன் கவுத்துட்டானா?" என்று சிரித்தார். "கவுத்தவன் கையெழுத்துப் போட்டுக் குடுப்பானா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. நடராசன் பெரியப்பா எழுந்துபோய், வீட்டிலிருந்து மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து டீக்கடைக்காரரிடமே வெந்நீர் வாங்கி விழுங்கினார்.

ராத்திரி அப்பாவும் போட்டார். நான் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார்.

இரண்டு தாளையும் சேர்த்து ஊசி குத்திப் பட்டாவோடு வைத்திருக்கிறார். இரண்டாவதுதான் மேலே.

பாக்கெட்டில் இப்போது "இன்று விடியலில் பறித்தது. குழம்புக்கு நல்லது" என்று போட்டிருக்கிறேன். இதயப் படம் போனதும் இரண்டு ஓட்டல் போய்விட்டது. போகட்டும், கார்த்திகைக்குக் கறி தின்னாதவர்கள் வருவார்கள். இந்தப் பெட்டியில் உன் ஆராய்ச்சிக்கு இல்லாமல் தனியாக ஒரு பை வைத்திருக்கிறேன். செல்லதுரை சாருக்குப் பாதி கொடு. நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடு, இனி எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

தீபாவளிக்கு வரும்போது வாங்க வேண்டிய திட்டு பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதே. கீழே அப்பா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

அக்கா செம்மொழி

மகனுக்கு. உன் தாள் கிடைத்தது. மாத்திரை போட்டேன். இனியும் போடுவேன். நீ வேளைக்குச் சாப்பிடு.
மா. கண்ணுசாமி